குடும்பத்தோடு படகில் போக லைஃப் ஜாக்கெட்: எதைப் பார்த்து வாங்குவது?

பென்னாகரம் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம். மச்சான் வீடு நாகமரைப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து நிற்கிற கரையில். அவர் ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறார். மோட்டார் கிடையாது, துடுப்புதான். லீவு நாட்களில் வெயில் தாழ்ந்ததும் குடும்பமாக ஒரு சுற்றுப் போய் வருகிறோம்.

பிரச்சினை லைஃப் ஜாக்கெட்டில். மச்சானிடம் இருப்பது எல்லாம் ஒரே சைஸ் பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டுகள். என் மகளுக்கு ஏழு வயது, 19 கிலோ. மாட்டிவிட்டால் உட்கார்ந்ததும் காது வரை ஏறிக்கொள்கிறது, கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுகிறாள். மனைவிக்குக் கழுத்து ஓரம் அறுக்கிறது என்று நடுத்தண்ணீர் போனதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அப்பாவுக்கு 70 வயது, தோள்வலி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. நான் 94 கிலோ, எனக்கு முன்பக்கம் பக்கிளே எட்டவில்லை. நீச்சல் எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆளுக்கு ஒன்றாகச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் 500 ரூபாய்க்கும் இருக்கிறது, 5000 ரூபாய்க்கும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது. கனமான ஆளுக்குப் பெரிய மிதப்பு வேண்டுமா? உள்ளே ஃபோம் வைத்தது நல்லதா, காற்று நிரம்புகிற வகை நல்லதா? உடம்பில் உறுத்தாமல் கடைசி வரை போட்டிருக்கிற மாதிரி ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் தையல் யூனிட்:

வணக்கம் சார். ஓசூரில் நான் ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பள்ளிப் பை, தொழிற்சாலைகளுக்கு ஏப்ரன், சேஃப்டி பெல்ட் உறை இதெல்லாம்தான் வழக்கமான வேலை. லைஃப் ஜாக்கெட்டும் ஆர்டர் எடுத்துத் தைத்திருக்கிறோம், பழுது பார்க்கவும் வரும். பிரித்து உள்ளே பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 94 கிலோ விஷயம். தண்ணீருக்குள் நம் உடம்பின் பெரும்பங்கு எடையைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது. பெரியவர் ஒருவர் தலையை வெளியே வைத்து மிதக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது மூன்று முதல் ஐந்து கிலோ தூக்குவிசைதான். கொழுப்பு மிதக்கும் பொருள், அதனால் பருத்த உடம்பு சுலபமாகவே மிதக்கும். ஒல்லியாக, எலும்பும் தசையுமாக இருக்கிற ஆள்தான் சீக்கிரம் அமிழ்வார். ஆக, உங்களுக்கு வேண்டியது பெரிய மிதப்பு இல்லை, பெரிய மார்புச் சுற்றளவு. டேப் எடுத்து அக்குளுக்குக் கீழே சுற்றி அளந்து, அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு மார்பளவு, குழந்தைகளுக்கு எடை, இப்படித்தான் பார்க்க வேண்டும். எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்று சட்டைக் கணக்கில் வாங்கினால் பொருந்தாது.

அடுத்து உள்பக்க லேபிள். ஐஎஸ்ஓ 12402 என்ற தரமும் பக்கத்தில் 50, 100, 150 என்று ஒரு எண்ணும் இருக்கும். அது நியூட்டன் கணக்கு. 50 என்றால் சுமார் ஐந்து கிலோ தூக்கும், 100 என்றால் பத்து கிலோ. 50 வகை நீச்சல் தெரிந்தவருக்கு, ஆள் உதவி பக்கத்திலேயே இருக்கிற இடத்துக்கு. மயங்கிப் போனால் அது முகத்தை மேலே திருப்பித் தராது. 100 வகையில் மார்பில் ஃபோம் அதிகம், தலைக்குப் பின்னால் ஒரு காலர் இருக்கும், மல்லாக்கத் திருப்பிப் போட முயலும். உங்கள் வீட்டில் மகள், மனைவி, அப்பா மூவருக்கும் 100 வகைதான் என் தேர்வு. நீங்களும் மச்சானும் துடுப்புப் போடுகிறவர்கள், நீச்சல் தெரிந்தவர்கள், 50 வகை போதும். கை அசைவுக்கும் அதுதான் வசதி. மகளின் ஜாக்கெட்டில் 100 என்று போட்டிருந்தும் ஃபோம் கொஞ்சமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சின்ன உடம்புக்கு அந்த வகையிலும் மிதப்பு குறைவாகத்தான் வைப்பார்கள்.

500 ரூபாய்க்கும் 5000 ரூபாய்க்கும் இருக்கிறது என்று சொன்னீர்கள், என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன். மேல் துணியைப் பார்த்தால் தெரியாது. பெல்ட் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மலிவான ஜாக்கெட்டில் பெல்ட்டை முன்பக்கத் துணியில் ஒரு கை நீளத்துக்கு மட்டும் வைத்து அடித்திருப்பார்கள். தண்ணீரில் விழுந்தவரைப் பெல்ட்டைப் பிடித்துத்தானே படகுக்குள் இழுப்பீர்கள்? அப்போது மொத்த பாரமும் அந்தத் துணியின் மேல், அந்த நாலு தையல் வரியின் மேல் விழும். நல்ல ஜாக்கெட்டில் இடுப்புப் பெல்ட் முதுகுப்புறமும் போய் உடம்பை முழுக்கச் சுற்றி வரும். துணி கிழிந்தாலும் பெல்ட் ஆளை விடாது. முனைகளில் பார்டாக் அடித்திருக்கிறதா, அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நூல் பாலியெஸ்டரோ நைலானோ தான் இருக்க வேண்டும். காட்டன் நூல் ஈரத்தில் மக்கிவிடும். கண்ணுக்கு எல்லாம் வெள்ளை நூல்தான், அதனால் தொங்குகிற ஒரு நுனியை வெட்டித் தீயில் காட்டுங்கள். உருகிக் குண்டு மாதிரி திரண்டால் நல்ல நூல், சாம்பலாக உதிர்ந்தால் காட்டன்.

உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்றால் ஃபோமிலிருந்து. மலிவானதில் பார்சல் கட்டுகிற வெள்ளை ஃபோமை ஒரே பலகையாக வெட்டிச் செருகிவிடுவார்கள். அது மிதக்கத்தான் செய்யும், ஆனால் உடம்போடு வளையாது. உட்கார்ந்தால் தொடையில் முட்டி மேலே ஏறும், அதுதான் உங்கள் மனைவியின் கழுத்தை அறுக்கிறது. வருடக்கணக்கில் மேலே உட்கார்ந்து அழுத்தி வைத்தால் அது தட்டையாகிவிடும், மிதப்பும் போகும். நல்லதில் மெல்லிய ஃபோம் தாள்களை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள், மிருதுவான பிவிசி ஃபோமாக இருக்கும். நெஞ்சுப் பகுதி இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து மடங்கும். பெருவிரலால் அழுத்திவிட்டு விடுங்கள், பள்ளம் உடனே எழும்ப வேண்டும். உள்ளே கறுமுறு என்று தெர்மாகோல் சத்தம் வந்தால் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அந்தக் காலத்தில் இலவம்பஞ்சு அடைத்துத்தான் லைஃப் ஜாக்கெட் செய்தார்கள், நம்மூரில் மெத்தை தலையணைக்கு அடைக்கிற அதே பஞ்சு. அதன் இழையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே இருப்பதால் சட்டென்று நனையாது. ஆனால் அழுந்தி அழுந்திக் கட்டி தட்டிவிடும், மேலுறை ஓட்டையானால் ஊறிவிடும், அதனால்தான் ஃபோமுக்கு வந்தார்கள். இன்னும் எங்காவது பழைய சாமான் விற்கிற இடத்தில் கண்ணில் பட்டால் அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவுக்குத் தலை வழியாக மாட்டுகிற வகை ஆகாது. முன்பக்கம் முழு ஜிப் வைத்து, பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ளும் வகை வாங்குங்கள், சட்டை மாதிரி ஒவ்வொரு கையாக விட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஜிப்பை மட்டும் நம்பக் கூடாது, அதன் மேல் பக்கிளும் இருக்க வேண்டும்.

மனைவிக்குத் தோளிலும் இரண்டு பக்கமும் தனித்தனியாக அட்ஜஸ்ட் இருக்கிற வகை. தோள் பட்டையைத் தளர்த்தி, இடுப்புப் பெல்ட்டை முதலில் இறுக்கி, அப்புறம் மேலே மேலே இறுக்கிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் ஜாக்கெட் எலும்பு இல்லாத இடத்தில் நின்று வழுக்கி ஏறும். புடவையோடு படகில் ஏறுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நனைந்த புடவை காலைச் சுற்றும், ஜாக்கெட்டில் காலுக்கு நடுவே போகிற கால் வாரையும் போட முடியாது. சுடிதார் சௌகரியம்.

கடைசியாக மகள். அவளுக்கு மூன்று சமாச்சாரம் கட்டாயம்: காலர், காலுக்கு நடுவே போகிற வார், கழுத்துக்குப் பின்னால் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி. எடை வரம்பு 15 முதல் 30 கிலோ மாதிரி எழுதியிருக்கும், 19 அதற்குள் வருகிறதா பாருங்கள். வளருவாள் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கவே கூடாது, பள்ளிச் சீருடைக்கு அது சரி, இதற்கு இல்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். போட்டு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, அவளைச் சம்மணமிட்டு உட்கார வைத்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று தோள் பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். தாடையைத் தாண்டிக் காதுக்கு வந்தால் அது அவளுக்கு உரிய ஜாக்கெட் இல்லை.

ஊட்டமலை பரிசல்:

அக்கா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. நாங்கள் ஒகேனக்கலில் தலைமுறையாகப் பரிசல் போடுகிறவர்கள், தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அருவிக்குக் கீழே நுரை பொங்குகிற இடத்தில் எந்த ஜாக்கெட்டும் லேபிளில் போட்ட அளவுக்குத் தூக்காது. தண்ணீரில் காற்று கலந்திருக்கும், அடர்த்தி குறைவு, அதனால் மிதப்பும் குறைவு. அதனால்தான் நாங்கள் அந்த இடத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னால் மறுக்கிறோம். ஆட்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

நாகமரைத் தண்ணீர் வேறு மாதிரி. பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் அகலம் அதிகம், ஆடிக் காற்று அடித்தால் அலை எழும்பும். 1934-இல் அணை கட்டி ஊர்கள் முழுகின இடம் அது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே வருவதை வாத்தியாரே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறியிருக்கும்போது அதெல்லாம் அடியில்தான் கிடக்கும், மரக்கட்டைகளும் கிடக்கும். ஜாக்கெட்டில் வார் நுனி நீளமாகத் தொங்கினால் அதில் மாட்டும். மிச்ச வாரை மடித்து வளையத்துக்குள் செருகிவிடுங்கள்.

நிறம் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நீலம் தண்ணீரோடு தண்ணீராகிவிடும், பச்சை ஆகாயத்தாமரையோடு போய்விடும். விசில் ஒன்று கட்டியிருக்க வேண்டும், ஊதிப் பாருங்கள், சில விசிலில் சத்தமே வராது. கரையிலேயே போட்டுப் பக்கிளை மாட்டிவிட்டுத்தான் படகில் கால் வைக்க வேண்டும். படகு கவிழும்போது போட்டுக்கொள்ள நேரம் இருக்காது, மடியில் வைத்திருப்பது இல்லாத மாதிரிதான்.

பாலக்கோடு தம்பி:

நல்லா நீச்சல் தெரிந்தவர்களுக்கு எதற்கு ஜாக்கெட்? நாங்கள் எல்லாம் சின்ன வயதில் கிணற்றில் குதித்துக் கற்றவர்கள். வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போட்டால் வேர்த்து ஊற்றுகிறது.

ஊட்டமலை பரிசல்:

தம்பி, கிணற்றில் நான்கு கை போட்டால் படி. இங்கே கரை எவ்வளவு தூரம் என்று நீங்கள் தண்ணீரில் விழுந்த பிறகுதான் தெரியும். படகு கவிழும்போது விளிம்பு தலையில் இடித்தால் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். இன்னொன்று, நீச்சல் தெரிந்தவன் மேல்தான் மற்றவர்கள் வந்து தொற்றுவார்கள். வாத்தியாரின் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் அவருக்குத் தன் கை இரண்டும் வேண்டும், ஜாக்கெட் இருந்தால்தான் அந்தக் கைகள் மிஞ்சும். 2024 ஜனவரியில் வடோதரா ஹரணி ஏரியில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியைகளும் இறந்தார்களே, பெரும்பாலானவர்கள் ஜாக்கெட் இல்லாமல்தான் ஏற்றப்பட்டிருந்தார்கள். அது ஏரி, ஆறு கூட இல்லை.

ஓசூர் தையல் யூனிட்:

பாலக்கோடு தம்பிக்கு: வேர்வைக்கு வழி இருக்கிறது. கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களுக்கு என்று வருகிற ஜாக்கெட்டில் அக்குள் வெட்டு பெரிதாக இருக்கும், கை முழுசாகச் சுற்றும், முதுகின் கீழ்ப்பாதி வெறும் வலைத்துணியாக இருக்கும். காற்று போகும். இடுப்போடு முடிகிற குட்டை வெட்டு என்பதால் உட்கார்ந்தாலும் மேலே ஏறாது. அது 50 வகைதான், உங்களுக்குத் தாராளம். உள்ளே பனியன் போடாமல் முழுக்கை டீ ஷர்ட் போடுங்கள், உராயாது.

பென்னாகரம் வாத்தியார்:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. மச்சானிடம் இருந்த பழசுகளை எடுத்துப் பெல்ட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே முன்பக்கத் துணியோடு நின்றுவிடுகிறது, ஒன்றில் துணி பிரிய ஆரம்பித்திருக்கிறது. காற்று நிரம்புகிற வகை பற்றி யாராவது சொன்னால் முடிவு செய்துவிடுவேன். படத்தில் மெல்லிசாக, துண்டு மாதிரி கழுத்தில் தொங்குகிறது. மனைவி அதைத்தான் கைகாட்டுகிறார்.

காவேரிப்பட்டணம்:

சார், நான் வளைகுடாவில் படகு வேலையில் இருந்தேன், அங்கே தினமும் அதைத்தான் போட்டோம். போட்டிருப்பதே தெரியாது, அவ்வளவு சுகம். 150 வகை, விரிந்தால் சுமார் 15 கிலோ தூக்கும், மயங்கியவரையும் புரட்டிப் போடும். உள்ளே ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும், பெரியவர்கள் ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம். கயிற்றை இழுத்தால் விரிகிற வகை ஒன்று. தண்ணீர் பட்டதும் ஒரு மாத்திரை கரைந்து, தானாக ஊசி குத்தி விரிகிற வகை இன்னொன்று.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு இது வேண்டாம், அமெரிக்கக் கடலோரக் காவல்படை 16 வயதுக்குக் கீழே வேண்டாம், நீச்சல் தெரியாதவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்கிறது. கையால் இழுக்கிற வகையைப் பதறினவர் இழுக்க மாட்டார். தானாக விரிகிறது என்றால் மாத்திரை வருடத்துக்கு வருடம் பழசாகும், நல்ல மழையிலோ படகில் தேங்கின தண்ணீரிலோ சும்மா விரிந்துவிடும். ஒரு தடவை விரிந்தால் சிலிண்டரும் மாத்திரையும் புதிதாகப் போட வேண்டும், அதை வரவழைக்கத் தர்மபுரியில் யாரைக் கேட்பீர்கள்? விமானத்தில் கொண்டுவரவும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் மாதாமாதம் தராசில் வைத்துப் பார்ப்போம். இதையெல்லாம் விடாமல் செய்கிற ஆளுக்கு அது நல்ல சாமான். மற்றவர்களுக்கு ஃபோம். ஃபோம் மறந்துபோனாலும் மிதக்கும்.

பென்னாகரம் வாத்தியார்:

வாங்கிவிட்டேன். மகள், மனைவி, அப்பாவுக்கு 100 வகை, எனக்கு 50 வகை கயாக் ஜாக்கெட், மார்பளவு பார்த்து. எல்லாவற்றிலும் பெல்ட் உடம்பைச் சுற்றி வருகிறது, நூலைத் தீயில் காட்டியும் பார்த்தேன், உருண்டையாகத் திரண்டது. எங்கள் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் படி இருக்கிறது, மார்பளவுத் தண்ணீரில் ஒவ்வொருவராக இறங்கிப் போட்டுப் பார்த்தோம். மகள் காலைத் தூக்கியதும் மல்லாந்து மிதந்தாள், வாய் தண்ணீருக்கு நன்றாக மேலே. முதலில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் விடச் சொன்னாள். மனைவிக்குக் கழுத்து அறுக்கவில்லை. அப்பா தானே ஜிப் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு வயிறு கொஞ்சம் முன்னால், அதனால் தண்ணீரில் ஜாக்கெட் லேசாக மேலே வழுக்குகிறது. அதில் கால் வார் இல்லை. இங்கே டெய்லரிடம் கொடுத்து ஒன்று தைத்துக்கொள்ளலாமா?

ஓசூர் தையல் யூனிட்:

கிணற்றில் இறக்கிப் பார்த்தீர்கள் பாருங்கள், மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது சார்.

ஜாக்கெட்டில் ஊசி போட விடாதீர்கள். மேலுறையிலும் ஃபோமிலும் புதிதாகத் தைத்தால் கம்பெனி சோதனை செய்து கொடுத்த பொருள் அது இல்லாமல் போகும், தையல் ஓட்டையிலிருந்து துணியும் கிழியும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். ஒன்றே கால் இன்ச் அகல பாலியெஸ்டர் வார் இரண்டு வாங்குங்கள், பைக்கடைகளில் கிடைக்கும். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் மடித்து, இடுப்புப் பெல்ட் நுழைகிற அளவுக்கு வளையமாகத் தைக்கச் சொல்லுங்கள், பெட்டி மாதிரி நாலு பக்கம் அடித்து நடுவில் பெருக்கல் குறி. அப்பாவின் இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்து, முதுகுப்புறம் இடுப்பெலும்புக்கு நேராக வலது இடது என்று அந்த வளையங்களைக் கோர்த்துக்கொள்ளுங்கள். மறுமுனையைத் தொடைக்கு இடையே முன்னால் கொண்டுவந்து, பக்கிள் வைத்து அதே பெல்ட்டில் மாட்ட வேண்டும். இரண்டு வார் என்பதால் அழுத்தம் பிரியும், வயதானவருக்கு உறுத்தாது. முதுகு நிமிர்ந்து நிற்கும்போது உள்ளங்கை ஒன்று நுழைகிற அளவு தளர்வு போதும். போட்டபின் திரும்பவும் கிணற்றில் இறக்கிப் பாருங்கள்.

வெயிலில் காய வைக்காதீர்கள், கார் டிக்கியிலும் போட்டு வைக்க வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் ஹேங்கரில் மாட்டுங்கள், மேலே யாரும் உட்கார வேண்டாம். துணியின் சாயம் நன்றாக வெளுத்துப்போனால் நூலும் வாரும் வெயில் தின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள். மகளின் எடையை ஒவ்வொரு கோடை லீவிலும் பாருங்கள், லேபிளில் உள்ள வரம்பைத் தாண்டினால் அடுத்த சைஸ். பழையதை மச்சான் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் யாருக்காவது கொடுக்கலாம், முதலில் அந்தத் தோள் பட்டைச் சோதனையைச் செய்துவிட்டு.